சுரங்களுக்கு இடையிலான தூரத்தைக் காதால் அளக்கப் பழகுதல்

கொழும்பில், பாடசாலையில் மேலைத்தேய இசையையும் சனிக்கிழமைகளில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ நடக்கும் வகுப்பில் கர்நாடக சங்கீதத்தையும் ஒரே காலத்தில் பயிலும் பிள்ளைகள், ஒரு பக்கம் 'சீ, டீ, ஈ' என்றும் மறுபக்கம் 'ச, ரி, க' என்றும் கேட்டுக் குழம்பிப்போவதைக் காண்கிறேன். இரண்டு முறைகளுக்கும் அடிப்படை ஒன்றுதான்: ஒரு சுரத்துக்கும் மற்றொரு சுரத்துக்கும் இடையே உள்ள தூரம். பெயர்களை மனனம் செய்வதற்கு முன்னரே அந்தத் தூரம் காதில் படிந்துவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கீபோர்டில் இரண்டு கறுப்புக் கட்டைகள் சேர்ந்திருக்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அவற்றுக்கு இடப்பக்கம் ஒட்டியுள்ள வெள்ளைக் கட்டை 'சீ'. இப்போதைக்கு அதையே 'ச' என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து எதையும் தாண்டாமல், கறுப்பு வெள்ளை இரண்டையும் சேர்த்து ஒவ்வொன்றாக வலப்பக்கம் நகர்ந்தால், 12ஆவது நகர்வில் மேல் 'ச' வந்துவிடும். ஒரு நகர்வு அரைத்தொனி, இரண்டு நகர்வு முழுத்தொனி. 'ஈ'க்கும் 'எஃப்'புக்கும் நடுவில் கறுப்புக் கட்டை இல்லாததால் அங்கே அரைத்தொனி மட்டுமே உண்டு. தொடக்க மாணவர் கணக்குத் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

முதலில் பழக வேண்டிய தூரம் ச–ப. இது 7 அரைத்தொனி. ச, ரி, க, ம, ப என இரு முனைகளையும் சேர்த்து எண்ணினால் ஐந்து வருவதால், மேலைத்தேய இசையிலும் இதனை ஐந்தாம் இடைவெளி என்பார்கள். 'ச' நொடிக்கு 240 அதிர்வுகள் என்றால் 'ப' 360, மேல் 'ச' 480. விகிதம் இவ்வளவு எளிமையாக இருப்பதனால்தான் இவை ஒன்றோடொன்று இழைகின்றன. சுருதிப்பெட்டியை ஒலிக்கவிட்டு, 'ச'வை நீளமாகப் பாடி, மூச்செடுத்து, 'ப'வைப் பிடியுங்கள். குரல் சற்றே விலகியிருந்தால் ஒலி அலை அலையாக நடுங்கும்; சரியான இடத்தைத் தொட்டதும் நடுக்கம் அடங்கி, உங்கள் குரல் எது, பெட்டியின் ஒலி எது என்று பிரிக்க முடியாதபடி கரைந்துவிடும். அந்தக் கணத்தை ஒருமுறை உணர்ந்த பிள்ளைக்கு அதன்பின் அதிகம் விளக்கத் தேவையில்லை. அவசரப்படாமல் ஒரு வாரம் இதிலேயே நில்லுங்கள்.

சுரவரிசை என்பது அந்த 12 இடங்களிலிருந்து தெரிந்தெடுத்த தூரங்களின் ஒழுங்கு. தொடக்கப் பயிற்சியான சரளி வரிசை பாடும் மாயாமாளவகௌளை ராகத்தில் நகர்வுகள் 1, 3, 1, 2, 1, 3, 1 என்று அமைகின்றன. ச–ரி–க–ம பகுதியும் ப–த–நி–ச பகுதியும் ஒரே அச்சில் வார்த்தவை போல 1, 3, 1 என்றே இருப்பதால், கீழே கற்றதை மேலே அப்படியே திரும்பப் பாடலாம். சங்கராபரண ராகத்தில் நகர்வுகள் 2, 2, 1, 2, 2, 2, 1. மேலைத்தேய இசையின் மேஜர் ஸ்கேலும் இதுவே. அதிலிருந்து 'ம', 'நி' இரண்டையும் நீக்கினால் மோகன ராகம் கிடைக்கும். மூன்று கறுப்புக் கட்டைகள் சேர்ந்த இடத்தில் முதலாவதை 'ச' என்று கொண்டு, கறுப்புக் கட்டைகளை மட்டும் வரிசையாக வாசித்துப் பாருங்கள். மோகனம் தானாகவே ஒலிக்கும்.

இனி 'ச'வை இடம் மாற்றுங்கள். 5 கட்டைச் சுருதியில் பாடும் பெண்களுக்கு, 'சீ'யை ஒன்றாக எண்ணினால் ஐந்தாவதாக வரும் வெள்ளைக் கட்டையான 'ஜீ'யே 'ச'. அங்கிருந்து சங்கராபரணத்தை எண்ணினால் 'நி' மட்டும் கறுப்புக் கட்டையில் விழும். கட்டைகள் மாறினாலும் தூரங்கள் மாறுவதில்லை.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். எல்லா அரைத்தொனியையும் சமமாகப் பங்கிட்டிருப்பதால், கீபோர்டில் சங்கராபரணத்தின் 'க', சுருதியோடு இயல்பாக இழையும் இடத்தைவிடச் சற்று உயர்ந்தே ஒலிக்கும். ஓர் அரைத்தொனியை 100 கூறாக்கினால் ஏறத்தாழ 14 கூறு. ஆகவே எண்ணிப் பழகுவதற்குக் கீபோர்டையும், பாடும்போது 'க'வை நிறுத்துவதற்குத் தம்புராவையும் துணையாகக் கொள்ளுங்கள்.