டைனோசரைக் குளோன் செய்யப் போகிறார்களாமே! இந்தச் செய்தியை எப்படிச் சலித்துப் பார்ப்பது?

ஆண்டுக்கு இரண்டு தடவையாவது யாராவது எனக்கு இந்தச் செய்தியை அனுப்பிவிடுகிறார்கள்: டைனோசர் எலும்பில் ரத்தம் கிடைத்துவிட்டது, இனி குளோன் செய்வதுதான் பாக்கி. முன்பெல்லாம் 'பொய்' என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டுவிடுவேன். அது தப்பு, ஏனென்றால் முதல் பாதியில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, இரண்டாம் பாதிதான் இடிக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு கோழி எலும்பும் ஒரு கால்குலேட்டரும் போதும்.

முதலில் எலும்பு. சதையைச் சுத்தமாக நீக்கிய கோழிக்கால் எலும்பைக் கழுவி, ஒரு கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, மூழ்கும் அளவுக்கு வினிகர் ஊற்றுங்கள். மூடியை இறுக்க வேண்டாம், உள்ளே வாயு வரும். கொஞ்ச நேரத்தில் எலும்பின் மேல் பொடிப்பொடியாகக் குமிழிகள் ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வினிகரை மாற்றி, ஐந்தாறு நாள் கழித்து எடுத்து வளைத்தால் ஒடியாது, ரப்பர் மாதிரி வளைந்து கொடுக்கும் (முனைகள் மட்டும் இன்னும் கெட்டியாக இருந்தால் மறுபடி போட்டுவையுங்கள்). எலும்புக்கு உறுதி தருகிற கால்சியத் தாது கரைந்துபோய், கொலாஜன் என்ற புரதப் பின்னல் மட்டும் மிஞ்சி நிற்கிறது.

மேரி ஷ்வைட்சர் என்ற அமெரிக்க ஆய்வாளர் செய்ததும் ஏறக்குறைய இதுதான், வினிகருக்குப் பதிலாகத் தாதுவை மெதுவாகக் கரைக்கிற வேறொரு ரசாயனம். எலும்பு, மொன்டானாவின் ஹெல் கிரீக் பாறையடுக்கில் எடுத்த ஒரு டைரனோசாரஸ் ரெக்ஸின் தொடை எலும்பு. வயது சுமார் 6.8 கோடி ஆண்டுகள். ஹெலிகாப்டரால் தூக்க முடியாத கனம் என்று பொதியை இரண்டாகப் பிரித்தபோது எலும்பு உடைந்தது, உடைந்த துண்டுகள் பாதுகாப்புப் பூச்சு எதுவும் பூசப்படாமல் அவரிடம் போய்ச் சேர்ந்தன. உடையாமல் வந்திருந்தால் யாரும் அதைக் கரைத்துப் பார்த்திருக்கப் போவதில்லை, அதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பு வரும். கோடிக்கணக்கான ஆண்டு பழைய எலும்பு என்றால் அது கல்லாகியிருக்க வேண்டும். தாதுவைக் கரைத்தால் ஒன்றும் மிஞ்சக் கூடாது. ஆனால் மிஞ்சியது. இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்குகிற துணுக்குகள், கிளை பிரிகிற மெல்லிய குழாய்கள், அவற்றுக்குள் செம்மை நிறத்தில் உருண்டைகள். 2005இல் சயன்ஸ் இதழில் இது வெளியானது. 'டைனோசர் ரத்தம்' என்று செய்திகளில் வருவதெல்லாம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. எல்லாமே நுண்ணோக்கியில் பார்க்க வேண்டிய அளவு. சதைத்துண்டு, ரத்தத்துளி என்று யாராவது எழுதியிருந்தால் அந்த இடத்திலேயே சந்தேகப்படுங்கள்.

சரி, அப்படி ஒரு செய்தி வந்துவிட்டது. கட்டுரைக்குள் புகுந்து, கிடைத்தது என்ன என்று ஒரே ஒரு சொல்லைத் தேடுங்கள். உருவமா, புரதமா, டிஎன்ஏவா, உயிருள்ள செல்லா? இந்த நான்கும் நான்கு படிகள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே பெரிய பள்ளம். தலைப்பு எழுதுகிறவர் முதல் படியில் நின்றுகொண்டு நான்காவது படிக்குத் தாவுவதுதான் வழக்கம்.

உருவத்திலேயே தகராறு உண்டு. அந்தக் குழாய்கள், எலும்பின் துளைகளுக்குள் பிற்காலத்தில் குடியேறிய பாக்டீரியாக்கள் படியவிட்ட கோழைப்படலமாக இருக்கலாம் என்று 2008இல் வேறொரு குழு வாதிட்டது. புரதம் என்று பார்த்தால், ஷ்வைட்சரின் குழு 2007இல் அதே டி.ரெக்ஸிலும், 2009இல் சுமார் 8 கோடி ஆண்டு பழைய ஒரு வாத்தலகு டைனோசரிலும் கொலாஜன் துண்டுகள் கிடைத்ததாகச் சொன்னது. அவை ஆய்வகத்தில் இருந்த தீக்கோழி எலும்பிலிருந்து ஒட்டிக்கொண்டவையாக இருக்கலாமே என்று 2017இல் மறுப்பு வந்தது. இவ்வளவு நாள் எப்படித் தாங்கும் என்ற கேள்விக்கு ஷ்வைட்சர் தரும் விளக்கம் இரும்பு: தீக்கோழியின் ரத்தக்குழாய்களை ரத்தத்திலிருந்து எடுத்த, இரும்பு அடங்கிய ஹீமோகுளோபினில் ஊறவைத்தபோது அவை அறை வெப்பத்தில் 2 ஆண்டு கெடாமல் இருந்தன, வெறும் தண்ணீரில் போட்டவை சில நாளிலேயே அழுகிவிட்டன. எனக்கு இந்தச் சோதனை பிடிக்கும். ஆனால் 2 ஆண்டுக்கும் 6.8 கோடி ஆண்டுக்கும் எவ்வளவு தூரம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இதே கண்டுபிடிப்பை வைத்து 'அப்படியானால் பூமிக்கே சில ஆயிரம் வயதுதான்' என்றும் ஒரு கூட்டம் செய்தி பரப்பும். எலும்பு மிருதுவாக இருப்பதை வைத்து வயதைக் கணிப்பதில்லை. அது கிடந்த அடுக்கோடு சேர்ந்த எரிமலைச் சாம்பலின் கதிரியக்கச் சிதைவை அளந்துதான் வயது சொல்கிறார்கள். இதற்கு மேல் அந்தச் செய்தியோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

அப்புறம் டிஎன்ஏ. இங்கேதான் கால்குலேட்டர். 2012இல் நியூசிலாந்தின் அழிந்துபோன மோவா பறவைகளின் 158 எலும்புகளை ஆராய்ந்து, டிஎன்ஏ பாதியாகக் குறைய 521 ஆண்டுகள் ஆகும் என்று கணக்கிட்டார்கள். 1 கோடி என்று அடித்து, 2ஆல் வகுத்துக்கொண்டே போங்கள். 24ஆவது தடவையில் 1க்கும் கீழே போய்விடும், அதாவது சுமார் 12,500 ஆண்டுகள். இப்போது நம் டி.ரெக்ஸின் 6.8 கோடியை 521ஆல் வகுத்துப் பாருங்கள்: 1,30,000 தடவைக்கும் மேல் பாதியாக வேண்டும்! அந்த மோவா எலும்புகள் கிடந்த இடத்தின் சராசரி வெப்பம் 13 டிகிரி. குளிரில் இது பல மடங்கு மெதுவாகும் என்பதால்தான் சைபீரிய உறைமண்ணில் கிடந்த 10 லட்சம் ஆண்டு பழைய மாமூத் பற்களிலிருந்து 2021இல் டிஎன்ஏ படிக்க முடிந்தது, கிரீன்லாந்து மண்ணிலிருந்து 2022இல் 20 லட்சம் ஆண்டு வரை போக முடிந்தது. ஆனால் மைனஸ் 5 டிகிரியிலேயே வைத்திருந்தாலும் 68 லட்சம் ஆண்டுகளில் கடைசிக் கண்ணியும் அறுந்துவிடும் என்கிறது அதே கணக்கு. நம் டி.ரெக்ஸ் அதைப் போல் பத்து மடங்கு பழசு.

யாராவது 'டிஎன்ஏ கிடைத்தே விட்டது' என்று அடித்துச் சொன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அது எதைப் போல் இருக்கிறது? டைனோசர் டிஎன்ஏ என்றால் பறவைக்கும் முதலைக்கும் நெருக்கமாக இருந்தாக வேண்டும். 1994இல் யூட்டாவின் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த 8 கோடி ஆண்டு எலும்பில் டிஎன்ஏ எடுத்ததாகப் பெரிய செய்தி வந்தது. ஒப்பிட்டுப் பார்த்தால் அது மனிதனோடு ஒத்துப்போனது. மாதிரியைக் கையாண்ட யாருடையதோ கலந்துவிட்டிருக்கிறது.

கடைசிப் படி குளோனிங். அதற்கு வேண்டியவை மூன்று: உட்கரு கெடாத ஒரு செல், நெருங்கிய இனத்தின் கருமுட்டை, சுமக்க ஒரு தாய். செய்தியில் இந்த மூன்றும் எங்கிருந்து வரும் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், எழுதியிருக்காது. எல்லாம் கையில் இருந்தும் 1996இல் 277 முயற்சிக்கு டாலி என்ற ஒரே ஒரு செம்மறியாட்டுக் குட்டி பிறந்தது. ஸ்பெயினில் புக்கார்டோ என்ற மலையாட்டினத்தின் கடைசிப் பெட்டை 2000 ஜனவரியில் மரம் விழுந்து செத்தது, முன்பே எடுத்து உறையவைத்த அதன் செல்லிலிருந்து 2003இல் ஒரு குட்டியை மலையாடும் நாட்டு ஆடும் கலந்த கலப்பின ஆடு ஒன்றின் வயிற்றில் வளர்த்துப் பிறக்கவைத்தார்கள். நுரையீரல் கோளாறால் சில நிமிடங்களிலேயே அது இறந்தது. டைனோசரோ முட்டையிடுகிற வகை. டாலியை உருவாக்கிய முறையில் இதுவரை ஒரு கோழியைக்கூட யாரும் குளோன் செய்ததில்லை, மஞ்சள் கரு சூழ்ந்த அவ்வளவு பெரிய முட்டைச் செல்லுக்குள் உட்கருவை மாற்றுவது அவ்வளவு சிக்கல்.

அழிந்துபோன ஓநாய் இனம் ஒன்று திரும்பி வந்ததாக 2025இல் வந்த 'டயர் ஓநாய் பிறந்தது' செய்தியையும் இதே சல்லடையில் போடலாம். சாம்பல் ஓநாயின் 14 மரபணுக்களில் 20 மாற்றங்கள் செய்து பிறந்த குட்டிகள் அவை. அபாரமான வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அதைத் திருத்திய சாம்பல் ஓநாய் என்று சொல்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

உண்மையிலேயே குளோன் செய்து பலன் கிடைத்த செய்தி வேண்டுமென்றால் கருங்கால் ஃபெரெட் என்று தேடுங்கள். அழிவின் விளிம்பில் இருக்கிற சின்னப் பிராணி. 1988இல் உறையவைத்த செல்லிலிருந்து 2020 டிசம்பரில் எலிசபெத் ஆன் பிறந்தது; அதே செல்லிலிருந்து வந்த அன்டோனியா என்ற இன்னொரு குளோன், 2024இல் தானே குட்டி போட்டுவிட்டது.