ரோமா மக்கள்தொகை: எண்ணை எடுத்தாளும்போது செய்யக்கூடாத தவறுகள்

பல நூற்றாண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து சென்று ஐரோப்பா முழுவதும் பரவி வாழும் சிறுபான்மையினரான ரோமா மக்களைப் பற்றி எழுத உட்காருபவர்கள் முதலில் தேடுவது ‘எத்தனை பேர்?’ என்ற கணக்கைத்தான். கண்ணில் பட்ட முதல் எண்ணை அப்படியே எடுத்துப் போடுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

ஸ்லோவாக்கியாவையே எடுத்துக்கொள்வோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ரோமா என்று பதிந்துகொண்டவர்கள் 1,05,738 பேர். இரண்டே ஆண்டு கழித்து, ஊர் ஊராகத் தகவல் திரட்டி வெளியிட்ட ‘ரோமா சமூகங்களின் அட்லஸ்’ சொன்னதோ நான்கு லட்சத்துக்கும் மேல். இதில் எதுவும் பொய்க்கணக்கு இல்லை. கணக்கெடுப்பில் இருப்பது ஒருவர் தம்மைப் பற்றித் தாமே சொன்னது. அட்லஸில் இருப்பது, சுற்றியிருப்பவர்கள் யாரை ரோமா என்று கருதுகிறார்கள் என்பது. முதல் எண்ணை மட்டும் நம்பிக் குடிநீருக்கும் பள்ளிக்கும் திட்டமிட்டால் முக்கால்வாசிப் பேர் விடுபட்டுப் போவார்கள். இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டால், ஒருவர் யார் என்பதை அடுத்தவர் தீர்மானித்ததாகிவிடும். எந்த எண்ணை எழுதினாலும், யாரிடம் கேட்டு வந்தது என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

2021இல் அதே நாட்டில் ரோமா என்றவர்கள் 67,179. ‘பத்தாண்டில் சரிவு’ என்று தலைப்புப் போட்டுவிடாதீர்கள். அந்த முறைதான் இரண்டாவது தேசிய இனத்தையும் குறிப்பிட முதன்முறையாக இடம் கொடுத்தார்கள். அதில் ரோமா என்றவர்களையும் சேர்த்தால் 1,56,164. அதுவரை ஸ்லோவாக்கியராகவும் ரோமாவாகவும் தம்மை உணர்ந்தவர் ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது.

இங்கிலாந்து, வேல்ஸ் கணக்கெடுப்பில் ‘ரோமா’ என்ற கட்டமே 2021இல்தான் வந்தது. சுமார் ஒரு லட்சம் பேர் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களெல்லாம் திடீரென்று வந்து குடியேறியவர்கள் என்று எழுதுவது அபத்தம். அங்கே ஜிப்சி, அயர்லாந்துப் பயணிகள் (ஊர் ஊராகப் பெயர்ந்து வாழும் வழக்கமுள்ள ஒரு சமூகம்) ஆகியோருக்குத் தனிக் கட்டம் உண்டு. மனித உரிமைகளுக்கான பன்னாட்டு அமைப்பான ஐரோப்பிய கவுன்சில் சொல்லும் ‘1 கோடி முதல் 1.2 கோடி வரை’ என்ற மதிப்பீடோ ஐரோப்பாவின் சிந்தி (Sinti), காலே (Kale) ஆகிய உட்பிரிவினர், பயணிகள் எல்லோரையும் ஒரே குடையின் கீழ் சேர்த்தது. இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிட முடியாது.

எல்லாவற்றையும்விட என்னை வேதனைப்படுத்துவது, ‘அவர்கள் அடையாளத்தை மறைக்கிறார்கள்’ என்று போகிறபோக்கில் எழுதுவது. மியூனிக் காவல்துறை 1899லேயே இம்மக்களைக் கண்காணிக்கத் தனி அலுவலகம் திறந்து பெயர்களைத் திரட்டத் தொடங்கியது. நாஜி ஆட்சியில் இன ஆய்வாளர் ராபர்ட் ரிட்டரின் குழு குடும்ப வம்சாவளிகளைத் தோண்டித் தோண்டிப் பதிந்தது. 1942 டிசம்பரில் நாஜிகளின் எஸ்.எஸ். படைத் தலைவர் ஹிம்லர் ஆணையிட்டதும், ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு யாரை அனுப்புவது என்பதற்கு அந்தப் பதிவுகளே கைகொடுத்தன. பழங்கதை என்று தள்ளவும் முடியாது. சுவீடனின் ஸ்கோனே பகுதிக் காவல்துறை, குழந்தைகள் உட்பட நாலாயிரத்துக்கும் அதிகமான ரோமாக்களின் பட்டியலை வைத்திருந்தது 2013இல்தான் அம்பலமானது. கணக்கெடுப்பாளர் கதவைத் தட்டும்போது தயங்குகிறவருக்கு இத்தனை காரணம் இருக்கிறது.

கடைசியாக, எண் இல்லாத நாட்டில் பிரச்சினையும் இல்லை என்று நினைத்துவிடுவது. பிரான்ஸ் தன் கணக்கெடுப்பில் இனத்தைக் கேட்பதில்லை. ஆனால் நிலையான வீடின்றி ஊர் ஊராக வாழ்பவர்கள் ‘நடமாட்டப் புத்தகம்’ என்ற தனி ஆவணம் ஒன்றைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்ற சட்டம் அங்கே 2017 வரை இருந்தது. இத்தகைய நாடுகளைப் பற்றி எழுதும்போது, ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் முகமை வீடு வீடாகச் சென்று நடத்தும் ஆய்வுகளைப் பாருங்கள். வேலை, வீடு, பள்ளி ஆகியவற்றில் மக்கள் எதிர்கொண்ட பாகுபாடு அவற்றில் பதிவாகியிருக்கிறது.