வட மாசிடோனியா ஏன் இன்னும் வாசலிலேயே நிற்கிறது? சிறிய நாடுகளைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் நாடுகள் ஆங்கில அகரவரிசைப்படி அமர்கின்றன. 1993 ஏப்ரலில் புதிதாக வந்த ஒரு நாட்டை எந்த எழுத்தின்கீழ் உட்காரவைப்பது என்பதே பெரிய தலைவலியாகிவிட்டது. அந்த நாடு தன்னை மாசிடோனியா என்று அழைத்துக்கொண்டது. கிரீஸ் நாட்டின் வடபகுதிக்கும் அதே பெயர்தான். அதனால் அந்தப் பெயரை விட்டுத்தர மாட்டோம் என்று கிரீஸ் பிடிவாதமாக நின்றது. கடைசியில் ‘முன்னாள் யூகோஸ்லாவியக் குடியரசான மாசிடோனியா’ என்ற தற்காலிகப் பெயரில் உள்ளே விட்டார்கள். ‘எம்’ எழுத்தில் அமர கிரீஸ் சம்மதிக்கவில்லை. ‘முன்னாள்’ என்பதைக் குறிக்கும் ‘எஃப்’ எழுத்தில் அமர அந்த நாட்டுக்கு மனமில்லை. ஆகவே பெயரின் தொடக்கத்தில் வரும் ‘தி’ என்ற ஆங்கிலச் சொல்லைக் கணக்கில் எடுத்து, ‘டி’ வரிசையில் தாய்லாந்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டார்கள். 2019 வரை அந்த ஏற்பாடு நீடித்தது. அந்த நாடுதான் இன்றைய வட மாசிடோனியா; அது நிற்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் வாசலில்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குப் பன்னாட்டு உறவுகள் பாடம் எடுக்கும்போது நான் இந்த நாற்காலியிலிருந்துதான் தொடங்குவேன். ஒரு சிறிய நாடு பிராந்தியக் கூட்டமைப்பில் சேர முயலும் கதையை நாளிதழில் படிக்கும்போது, விவரம் தெரிந்தவர்கள்கூடத் திரும்பத் திரும்பச் சில தவறுகளைச் செய்கிறோம். நானும் பல ஆண்டுகள் செய்திருக்கிறேன்.

மதிப்பெண் எடுத்தால் இடம் கிடைத்துவிடும் என்று நினைப்பது

எல்லாத் தவறுகளுக்கும் இதுதான் தாய். ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும் முறை பார்ப்பதற்குத் தேர்வு போலவே இருக்கும். 1993இல் கோபன்ஹேகனில் வகுத்த தகுதிகள் இருக்கின்றன: நிலையான ஜனநாயகம், சட்டத்தின் ஆட்சி, போட்டியைத் தாங்கும் சந்தைப் பொருளாதாரம், ஒன்றியத்தின் சட்டங்களைச் சுமக்கும் திறன். பாடத்திட்டம் போல 35 அத்தியாயங்கள் இருக்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் அறிக்கையும் தருகிறது. ஆனால் ஆணையம் சொல்வது பரிந்துரை மட்டுமே. பேச்சைத் தொடங்க, ஓர் அத்தியாயத்தைத் திறக்க, மூட, கடைசியில் ஒப்பந்தத்தை ஏற்க என்று ஒவ்வொரு படியிலும் எல்லா உறுப்பு நாடுகளும் சம்மதிக்க வேண்டும். இன்றைய கணக்கில் 27 நாடுகள். ஒரே ஒரு நாடு ‘வேண்டாம்’ என்றால் அந்தப் படியிலேயே நிற்க வேண்டியதுதான்.

மாசிடோனியா 2004இல் விண்ணப்பித்தது. 2005 டிசம்பரில் வேட்பாளர் நாடு என்ற தகுதி கிடைத்தது. பேச்சுவார்த்தையைத் தொடங்கலாம் என்று 2009இல் ஆணையமே பரிந்துரைத்தது. அதற்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை, ஏனென்றால் பெயரை மாற்றாமல் கிரீஸ் அசைய மறுத்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 2008 ஏப்ரலில், புக்கரெஸ்ட்டில் கூடிய நேட்டோ மாநாட்டிலும் இதே காரணத்தால் அழைப்பு கிடைக்காமல் போனது. மாசிடோனியா சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. 1995இல் போட்ட இடைக்கால ஒப்பந்தத்தை கிரீஸ் மீறிவிட்டது என்று 2011 டிசம்பரில் நீதிபதிகள் 15க்கு 1 என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னார்கள். தீர்ப்பு கையில் இருந்தும் கதவு திறக்கவில்லை.

பழி முழுவதும் கிரீஸ் மீது அல்ல. அதே ஆண்டுகளில் நிகோலா குருவெஸ்கியின் அரசு தலைநகர் ஸ்கோப்யேயின் நடுவே, கிரீஸ் தன் வரலாற்று நாயகனாகக் கருதும் அலெக்சாண்டரைப் போன்ற குதிரைவீரனின் பிரம்மாண்டச் சிலையை எழுப்பியது. விமான நிலையத்துக்கு அலெக்சாண்டர் பெயர், நெடுஞ்சாலைக்கும் அவர் பெயர். அண்டை வீட்டாரோடு பேசித் தீர்க்க வேண்டிய விஷயத்தை உள்ளூர் வாக்குக்காக ஊதிப் பெரிதாக்கினார்கள். பிறகு ஊழல் வழக்கில் தண்டனை பெற்ற குருவெஸ்கி, 2018இல் ஹங்கேரிக்குத் தப்பியோடினார்.

2018 ஜூன் 17 அன்று பிரெஸ்பா ஏரிக்கரையில், கிரீஸ் பக்கத்தில் இருக்கும் ப்ஸராதெஸ் என்ற சிறிய மீனவக் கிராமத்தில் ஒப்பந்தம் கையெழுத்தானது. மாசிடோனியத் தூதுக்குழு ஏரியைப் படகில் கடந்து வந்தது. பிரதமர்கள் ஸோரான் ஸாயெவும் அலெக்சிஸ் சிப்ராஸும் பக்கத்தில் நிற்க, வெளியுறவு அமைச்சர்கள் கையெழுத்திட்டார்கள். நாட்டின் பெயர் வட மாசிடோனியா ஆனது, அரசியலமைப்பைத் திருத்தினார்கள். விமான நிலையமும் நெடுஞ்சாலையும் அந்த ஆண்டே பெயர் மாறிவிட்டன. வாகன எண்பலகையில் ‘எம்கே’ இருந்த இடத்தில் ‘என்எம்கே’ வந்தது. முன்பெல்லாம் கிரீஸ் எல்லையில் அந்த இரண்டு எழுத்துகளின்மேல் ஸ்டிக்கர் ஒட்டித்தான் காரை உள்ளே விடுவார்கள். சொந்தக் காரின் எண்பலகையில் இன்னொரு நாட்டுக்காரர் ஸ்டிக்கர் ஒட்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எப்படி இருந்திருக்கும்? எந்தப் பாடநூலிலும் இல்லாத இந்த ஸ்டிக்கரை நினைவில் வைத்துக்கொண்டால், பெயர்ச் சிக்கல் ஏன் அவ்வளவு வலித்தது என்பது புரியும்.

கேட்டதைச் செய்தாயிற்று. 2020 மார்ச்சில் நேட்டோவின் 30ஆவது உறுப்பினர் என்ற இடமும் கிடைத்தது. ஆனால் ஒன்றியம்? 2019 அக்டோபரில், சேர்க்கும் முறையையே முதலில் மாற்ற வேண்டும் என்று பிரான்ஸ் அதிபர் மக்ரோன் முட்டுக்கட்டை போட்டார். முறை மாறியது, 2020 மார்ச்சில் பச்சைக்கொடி காட்டினார்கள். அந்த நவம்பரிலேயே பல்கேரியா குறுக்கே வந்தது. 1992இல் மாசிடோனியாவின் விடுதலையை முதலில் அங்கீகரித்ததே பல்கேரியாதான். ஆனால் மாசிடோனிய மொழியைத் தனி மொழியாக அது ஏற்றதில்லை. அது பல்கேரிய மொழியின் ஒரு வடிவம் என்பது அதன் வாதம். ஒரு மக்களைப் பார்த்து ‘நீங்கள் பேசுவது மொழியே அல்ல, எங்கள் மொழியின் வட்டார வழக்கு’ என்றால் எப்படிச் சுடும் என்பதைத் தமிழ் வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

2022 ஜூலையில் பிரான்ஸ் முன்வைத்த சமரசத்தின்படி பேச்சு பெயரளவில் தொடங்கியது. நிபந்தனை: நாட்டில் வாழும் பல்கேரியர்களையும் அரசியலமைப்பில் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். 2021 கணக்கெடுப்பில் தங்களைப் பல்கேரியர் என்று பதிந்தவர்கள் சுமார் 3,500 பேர். திருத்தம் நிறைவேற 120 பேர் கொண்ட நாடாளுமன்றத்தில் 80 வாக்குகள் வேண்டும். அந்த எண்ணிக்கை சேரவில்லை. 2024 மே தேர்தலில் இந்த நிபந்தனையை எதிர்த்த கட்சியே வென்றது. அதுவரை ஒரே வண்டியில் பூட்டியிருந்த அல்பேனியாவை அந்த அக்டோபரில் கழற்றி முன்னே அனுப்பிவிட்டார்கள்.

இவ்வளவையும் ‘ஊழல் நாடு, அதனால்தான் சேர்க்கவில்லை’ என்று ஒரே வரியில் முடிப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். ஊழல் உண்மைதான். ஆனால் வட மாசிடோனியா நின்ற ஒவ்வோர் இடத்திலும் மறித்தது ஊழல் அறிக்கை அல்ல, ஏதோவொரு உறுப்பு நாட்டின் கை.

சிறிய நாடு என்றாலே பகடைக்காய் என்பது

நம் பத்திரிகைகளுக்கு மிகவும் பிடித்த சொல் இது. மால்டோவா பற்றி எழுதினால் மூன்றாவது வரியில் வந்துவிடும்: மேற்குக்கும் ரஷ்யாவுக்கும் நடுவே சிக்கிய பகடைக்காய். காயை யாராவது நகர்த்த வேண்டும், அது தானாக நகராது. ஆனால் மால்டோவாவில் நடந்ததைப் பாருங்கள்.

2006இல் ரஷ்யா மால்டோவாவின் ஒயினுக்குத் தடை போட்டது. அதுவரை அந்த நாட்டு ஒயினின் பெரும்பங்கு போய்க்கொண்டிருந்த சந்தை அது. திராட்சைத் தோட்டத்தை நம்பிய குடும்பங்கள் நிலைகுலைந்தன. தட்டுத்தடுமாறி ஐரோப்பியச் சந்தைக்கு ஏற்ற ஒயினைச் செய்யத் தொடங்கினார்கள். ஒன்றியத்துடன் கூட்டு ஒப்பந்தத்துக்கு நாடு தயாரான 2013இல் இரண்டாவது தடை வந்தது. வலித்தது, ஆனால் முதல் தடவை விழுந்ததுபோல விழவில்லை.

மின்சாரத்தில் ஆபத்து இன்னும் பெரியது. நாட்டின் பெரிய மின்நிலையம், பிரிந்துபோன டிரான்ஸ்னிஸ்திரியா பகுதியில் இருக்கும் குச்சுர்கான் நிலையம். அது ஓடியது ரஷ்ய எரிவாயுவில். 2022 மார்ச் 16 அன்று, உக்ரைனில் போர் மூண்டு மூன்று வாரம்கூட ஆகாத நேரத்தில், மால்டோவாவும் உக்ரைனும் தங்கள் மின்கட்டமைப்பை ஐரோப்பியக் கட்டமைப்போடு இணைத்துக்கொண்டன. அதன் அருமை 2025 ஜனவரி 1 அன்று தெரிந்தது. உக்ரைன் வழியே வந்த ரஷ்ய எரிவாயு நின்றது. டிரான்ஸ்னிஸ்திரியாவில் கடுங்குளிரில் வீடுகளைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய்கள் குளிர்ந்துபோயின. விறகு தேடிப் போனார்கள், முறைவைத்து மின்வெட்டு வந்தது. டினிஸ்டர் ஆற்றுக்கு இந்தப் பக்கம், மால்டோவா அரசின் கையில் இருக்கும் பகுதியில், ருமேனியாவிலிருந்து கூடுதல் விலைக்கு மின்சாரம் வாங்கினார்கள், கட்டணம் ஏறியது, ஆனால் விளக்கு எரிந்தது. அந்தப் பக்கம் குளிரில் நடுங்கியவர்களும் சட்டப்படி மால்டோவாவின் மக்கள்தான். ஆகவே இதை வெற்றிக்கதையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பகடைக்காய்கள் மின்கம்பி இழுப்பதில்லை.

சதவீதத்தைப் படித்துவிட்டு வாக்காளர் பட்டியலைப் படிக்காமல் விடுவது

பெயர் மாற்றத்துக்காக 2018 செப்டம்பர் 30 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பை, ‘90 சதவீதத்துக்கும் மேல் ஆதரவு’ என்று ஒரு தரப்பு எழுதியது. ‘37 சதவீதம் பேர்தான் வாக்களித்தார்கள், தோல்வி’ என்று இன்னொரு தரப்பு எழுதியது. இரண்டு எண்ணும் சரி. எதிர்ப்பவர்கள் ‘இல்லை’ என்று குத்தாமல் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள், ஏனென்றால் பாதிப்பேர் வராவிட்டால் வாக்கெடுப்பே செல்லாது. இன்னொரு விவரம் பலர் கண்ணில் படவில்லை. பட்டியலில் இருந்த வாக்காளர்கள் சுமார் 18 லட்சம். 2021 கணக்கெடுப்பில் நாட்டில் வசித்தவர்கள் குழந்தைகளையும் சேர்த்துச் சுமார் 18.4 லட்சம். பட்டியலில் பெயர் இருந்தும் ஊரில் ஆள் இல்லாதவர்கள் எத்தனை பேர் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம். ஜெர்மனியில், ஸ்விட்சர்லாந்தில், இத்தாலியில் வேலை பார்ப்பவர்கள் அவர்கள்.

மால்டோவாவில் இதற்கு நேர்மாறாக நடந்தது. ஒன்றியத்தில் சேரும் இலக்கை அரசியலமைப்பில் எழுதுவது பற்றி 2024 அக்டோபரில் நடந்த வாக்கெடுப்பில் ‘ஆம்’ பெற்றது 50.35 சதவீதம். இரவு முழுக்க ‘இல்லை’தான் முன்னால் இருந்தது. வெளிநாடுகளில் வாழும் மால்டோவியர்களின் வாக்குகள் எண்ணி முடிந்தபோது தராசு சாய்ந்தது. ஒரு நாட்டில் புலம்பெயர்ந்தோர் வராததால் எண் சரிந்தது, இன்னொன்றில் வந்ததால் எண் நின்றது.

அமைப்புகளின் பெயரைக் குழப்புவது

இது சின்ன விஷயம், ஆனால் தேர்வில் மதிப்பெண் போவது இங்கேதான். மாண்டினீக்ரோ ஒன்றியத்தில் இல்லை, ஆனால் அங்கே புழங்குவது யூரோ. நார்வே ஒன்றியத்தில் இல்லை, எல்லைச் சோதனை இல்லாமல் பயணிக்கும் ஷெங்கன் பகுதியில் உண்டு. அயர்லாந்து ஒன்றியத்தில் உண்டு, ஷெங்கனில் இல்லை. ஸ்ட்ராஸ்பர்க்கில் இருக்கும் மனித உரிமை நீதிமன்றம் ஐரோப்பிய ஒன்றியத்துடையது அல்ல. 46 நாடுகள் உறுப்பினராக உள்ள ஐரோப்பிய மன்றத்துடையது. அது வேறு அமைப்பு.

இதோடு ஒட்டிய இன்னொரு குழப்பம், ஐரோப்பிய அளவுகோலை எடுத்துக்கொண்டுபோய் தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானை அளப்பது. கிழக்கு திமோர் 2011இல் விண்ணப்பித்து 2025 அக்டோபரில் கோலாலம்பூரில் 11ஆவது உறுப்பினரானது. அங்கே 35 அத்தியாயமெல்லாம் கிடையாது. தடையாக இருந்தது ஆள்பலம். ஆசியானின் வேலை மொழி ஆங்கிலம், திமோரின் ஆட்சிமொழிகள் தேத்துமும் போர்த்துகீசியமும். ஆண்டு முழுக்க நடக்கும் கூட்டங்களுக்கு, ஆங்கிலத்தில் கோப்பு படித்து வாதாடத் தெரிந்த அதிகாரிகளை ஒவ்வொரு துறையிலும் உருவாக்க வேண்டியிருந்தது.

சேர்ந்தால் இறையாண்மை போய்விடும் என்று அவசரப்படுவது

இங்கேதான் கதையின் மிகக் கடினமான முடிச்சு இருக்கிறது. மால்டாவின் மக்கள்தொகை ஆறு லட்சத்தைத் தொடாது. ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் அதற்கு 6 இடம், எட்டுக் கோடிக்கும் மேல் மக்கள் வாழும் ஜெர்மனிக்கு 96. தலைக்கணக்குப்படி ஒரு மால்டாக்காரரின் வாக்கு ஜெர்மானியருடையதைவிடப் பல மடங்கு கனமானது. புதிய நாட்டைச் சேர்க்கும் விஷயத்திலோ இரண்டு நாடுகளுக்கும் ஒரே உரிமை. சுமார் 20 லட்சம் பேர் கொண்ட ஸ்லோவேனியா, பிரான் வளைகுடாவின் கடல் எல்லைத் தகராறுக்காக, யூகோஸ்லாவியாவில் தன்னோடு பிறந்த குரோவேஷியாவின் பேச்சுவார்த்தையை 2008இன் இறுதியிலிருந்து ஏறக்குறைய ஓராண்டு நிறுத்திவைத்தது.

உள்ளே இருக்கும் சிறிய நாட்டுக்கு அந்த வீட்டோ, அதாவது தனியாக நின்று தடுக்கும் அதிகாரம், பெரிய கவசம். வெளியே நிற்கும் சிறிய நாட்டுக்கு அதே வீட்டோ பூட்டு. ‘வீட்டோவை ஒழித்துவிட்டால் சரியாகிவிடும்’ என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஒழித்த பிறகு, பாடுபட்டு உள்ளே வரும் வட மாசிடோனியாவுக்கும் அந்தக் கவசம் இருக்காது. வெளியே இருந்தால் மட்டும் இறையாண்மை முழுதாக இருக்கிறதா? ஒன்றியத்துக்கு ஏற்றுமதி செய்ய வேண்டுமென்றால் அதன் தர விதிகளைப் பின்பற்றியே ஆக வேண்டும், அந்த விதிகளை எழுதும் மேசையில்தான் இடமில்லை.

இதற்கிடையே மக்கள் தங்களுக்குத் தெரிந்த வழியில் போய்க்கொண்டிருக்கிறார்கள். பல்கேரிய வம்சாவளி என்று காட்டிப் பல்கேரியக் கடவுச்சீட்டு வாங்கியிருக்கும் மாசிடோனியர்கள் ஏராளம். அது கையில் இருந்தால் பெர்லினில் உரிமையோடு வேலை பார்க்கலாம். தன் மொழி தனி மொழி என்று வாதாடும் ஓர் இளைஞர், அதை மறுக்கும் நாட்டின் கடவுச்சீட்டோடு விமானம் ஏறுகிறார். அவரைக் குறைசொல்ல எனக்கு நா எழாது. 2002 கணக்கெடுப்பில் 20 லட்சத்துக்குச் சற்று மேலே இருந்த மக்கள்தொகை 18.4 லட்சமாக இறங்கியதில் இப்படிக் கிளம்பியவர்களும் அடக்கம்.

அடுத்த முறை இந்த நாட்டைப் பற்றிச் செய்தி வந்தால், பிரஸ்ஸல்ஸில் யார் யாரோடு கைகுலுக்கினார்கள் என்பதைக் கடந்துபோய், ஸ்கோப்யே நாடாளுமன்றத்தில் அந்த 80 கைகள் உயர்ந்தனவா என்று தேடுங்கள். நான் இதை எழுதும்வரை உயரவில்லை.