துடுப்புப் படகுக் கழகம் நடத்துவோர் கவனத்துக்கு: பொறுப்பு, காப்பீடு, பயிற்றுநரின் தகுதி

நண்பர்கள் சிலர் சேர்ந்து கயாக் என்னும் சிறிய துடுப்புப் படகு வாங்கி, வார இறுதியில் மற்றவர்களையும் நீரில் இறக்கத் தொடங்கிய அன்றே, அவர்களுடைய உயிருக்கு நீங்கள் பொறுப்பேற்றுவிட்டீர்கள். எனவே முதல் வேலையாகக் கழகத்தைத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்கீழ் பதிவு செய்யுங்கள். குளமோ அணையோ ஆறோ, அது நீர்வளத் துறை, மாநகராட்சி, வனத்துறை ஆகியவற்றில் யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்று விசாரித்து, எழுத்து மூலம் அனுமதி பெறுங்கள். பதிவு செய்துவிட்டதால் மட்டும் அலட்சியம் மன்னிக்கப்படாது. அலட்சியத்தால் உயிரிழப்பு ஏற்பட்டால், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்க இடமுண்டு.

'என் சொந்தப் பொறுப்பில் வருகிறேன்' என்று கையெழுத்து வாங்கிவிட்டால் போதும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள். ஆபத்தை முன்கூட்டியே எடுத்துச் சொன்னீர்கள் என்பதற்கு அந்தத் தாள் சான்றாகும், ஆனால் உங்கள் கவனக்குறைவை அது மறைத்துவிடாது. ஆகாயத்தாமரை, நீருக்குள் கிடக்கும் சீமைக்கருவேல முள், திடீர் நீர்வரத்து என்று அந்தந்த இடத்தின் ஆபத்துகளைப் பெயர் சொல்லி எழுதுங்கள். 18 வயது நிரம்பாதவரின் கையெழுத்து அவரைக் கட்டுப்படுத்தாது என்பதால் பெற்றோரை நேரில் வரவழைத்துப் பேசுங்கள்.

காப்பீட்டில் இரண்டு வகையையும் எடுக்க வேண்டும். தனிநபர் விபத்துக் காப்பீடு அடிபட்டவருக்குப் பணம் தரும். பொதுப் பொறுப்புக் காப்பீடு உங்கள்மீது வரும் இழப்பீட்டுக் கோரிக்கையைத் தாங்கும். 1991-ஆம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் அபாயகரமான பொருள்களைக் கையாளும் நிறுவனங்களுக்கானது. பெயரைப் பார்த்துக் குழம்பி அதற்குரிய பாலிசியை வாங்கிவிடாதீர்கள். விதிவிலக்குப் பகுதியை வரிக்கு வரி படியுங்கள். சாகச விளையாட்டு விலக்கப்பட்டுள்ளதா, உறுப்பினர் ஒருவரே கழகத்தின்மீது கோரிக்கை வைத்தால் செல்லுமா, ஒரு விபத்துக்கு உச்சவரம்பு எவ்வளவு, ஓர் ஆண்டுக்கு எவ்வளவு என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தகுதியுள்ள பயிற்றுநர் உடனிருக்க வேண்டும் என்று பாலிசியில் நிபந்தனை இருந்து, அப்படி ஒருவர் இல்லாமல் படகு இறக்கியிருந்தால், கட்டிய பிரீமியம் வீண்தான்.

அதனால்தான் பயிற்றுநரின் தகுதியை எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன். கோவாவிலுள்ள தேசிய நீர் விளையாட்டு நிறுவனம் போன்ற இடங்களில் பெற்ற சான்றிதழ் நல்ல தொடக்கம், ஆனாலும் அவரை நீரிலேயே சோதித்துப் பார்க்க வேண்டும். ஒருவரை ஆழமான இடத்தில் வேண்டுமென்றே கவிழச் செய்து, பயிற்றுநர் அவரை மீட்டு, படகிலுள்ள நீரை வெளியேற்றி, மறுபடி உட்காரவைக்கிறாரா என்று கரையிலிருந்து கவனியுங்கள். பிறகு லைஃப் ஜாக்கெட்டை எப்படிப் பார்க்கிறார் என்று பாருங்கள்: பட்டைகளை இறுக்கியபின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கி, அது தாடையைத் தாண்டி ஏறினால் வேறு அளவு மாற்றிக் கொடுப்பவரே வேலை தெரிந்தவர். உள்ளூர் நீரையும் அவர் அறிந்திருக்க வேண்டும். பில்லூர் அணையில் தண்ணீர் திறந்தால், மேட்டுப்பாளையத்தில் மழையே இல்லாத நாளிலும் பவானி ஆறு திடீரென உயரும். அந்தத் தகவலைக் கேட்டறியாமல் ஆற்றில் இறக்குபவர், எத்தனை சான்றிதழ் வைத்திருந்தாலும், உங்களுக்கு வேண்டாம்.

விபத்து நேர்ந்துவிட்டால், முதலுதவிக்கும் 108-க்கும் அடுத்தபடியாக, நேரம், நீர்மட்டம், உடனிருந்தவர்கள் ஆகிய விவரங்களை அன்றே எழுதிவைத்து, காவல்துறைக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தகவல் கொடுங்கள். நிறுவனத்தைக் கேட்காமல் யாருக்கும் இழப்பீடு தருவதாக எழுதிக்கொடுக்க வேண்டாம். படகையும் லைஃப் ஜாக்கெட்டையும் பழுது பார்க்காமல், ஆய்வு முடியும்வரை அப்படியே வைத்திருங்கள்.