திருகோணமலையில் காதல் படம் எடுக்க முனைவோருக்கு

காதல் படம் எடுக்கப் போகிறோம் என்று வருகின்ற இளைஞர்களில் பெரும்பாலானோர் முதலில் கேட்பது எந்தக் கமரா நல்லது என்பதைத்தான். கதையில் வரும் இருவரும் எதற்காக ஒரே இடத்தில் நிற்கிறார்கள் என்று திருப்பிக் கேட்டால் பதில் வருவதில்லை. இருபது நிமிடக் குறும்படமாயினும் இரண்டரை மணி நேரப் படமாயினும், அவர்கள் சந்திப்பதற்கு நம்பத்தக்க ஒரு காரணமும், அந்தச் சந்திப்பு நின்றுபோவதற்கு அதைவிட வலுவான ஒரு காரணமும் எழுத்தில் அமைந்த பின்னரே கமராவைப் பற்றி யோசிக்க வேண்டும்.

இவ்விரண்டையும் நமது ஊரே தரும். கிண்ணியாப் பாலம் 2009 ஆம் ஆண்டு திறக்கப்படும் வரை, அக்கரைக்குப் போகிறவர்கள் துறையில் இறங்கி, வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிச் செல்லும் ‘பாதை’ என்ற மிதவைப் படகுக்காகக் காத்திருப்பார்கள். அக்கரையிலுள்ள பாடசாலைக்கு நாளாந்தம் போகும் ஒரு ஆசிரியையும், பேக்கரிப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வரும் ஒரு இளைஞனும் அந்தத் துறையில் காத்து நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். காத்திருக்கும் நேரமே அவர்களுடைய காதல். 396 மீற்றர் நீளமான பாலம் திறக்கப்படுகின்ற அன்று ஊர் முழுவதும் மகிழ்கிறது; மறுநாள் முதல் அவளுடைய பஸ் அந்தத் தூரத்தை ஒரு நிமிடத்துக்குள் கடந்துவிடுகிறது. வில்லனும் வேண்டாம், அடிதடியும் வேண்டாம்.

ஆனால் இத்தகைய கதையைப் படமாக்கும்போது ஆட்கள் நிறைந்த மிதவையைச் செயற்கையாக அமைத்துக் காட்டாதீர்கள். 2021 நவம்பரில் கிண்ணியாவை அடுத்த குறிஞ்சாக்கேணியில் இழுவைப் படகு கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் இறந்தார்கள். அந்த வீடுகள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. கரையையும் காத்திருப்போரின் முகங்களையும் காட்டி, பாதை வருவதை ஒலியால் மட்டும் உணர்த்தினாலே போதும். செலவும் குறையும்.

வசனத்தை எழுதும்போது தமிழகப் படங்களின் பேச்சு தானாகவே கைக்குள் வந்துவிடும். அதைத் தடுக்க ஒரு வழி, எழுதியதை உங்கள் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவது. எந்த வரியில் அவர் சிரிக்கிறாரோ அந்த வரியை வெட்டுங்கள். நம்மிடையே ‘நான் உன்னைக் காதலிக்கிறேன்’ என்று யாரும் சொல்வதில்லை, ‘எனக்கு உங்கள விருப்பம்’ என்பதே வழக்கம். அதையும் பலர் வாய் திறந்து சொல்வதில்லை. மேற்சொன்ன கதையில் அவன் அவளை ‘ரீச்சர்’ என்றே அழைக்கட்டும். அவள் ‘நாளைக்கும் இந்த நேரந்தானே?’ என்று கேட்க, அவன் ‘ஓம் ரீச்சர், பாதை போனாலும் நிப்பன்’ என்கிறான். பிறகு ஒருநாள் ‘ஓம்’ என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறான். ‘ரீச்சர்’ என்ற சொல் விடுபடும் அந்த ஷொட்டே உங்கள் காதல் காட்சி. அதற்குப் பின்னணி இசை தேவையில்லை என்பது என் கருத்து.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை, கடற்கரை என்றாலே அந்திச் சூரியன் கடலில் இறங்கும் என்று நினைத்து மாலையில் டச் பே கடற்கரைக்கு ஆட்களை அழைத்துச் செல்லாதீர்கள். அங்கே சூரியன் கடலிலிருந்து எழும். மாலையில் முதுகுப் பக்கம் நகரத்துக்குப் பின்னால் மறையும். நீரின் மேல் மாலை வெளிச்சம் வேண்டுமென்றால் உள் துறைமுகக் கரைக்குப் போங்கள். அங்கே சீனக்குடாப் பக்கத்து மேடுகளுக்கு மேலாகச் சூரியன் இறங்குவதைப் பார்க்கலாம். நாம் நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் இருப்பதால் சூரியன் ஏறக்குறைய நேராக மேலேறுகிறது. ஆறு மணியளவில் தொடங்கும் மென்மையான வெளிச்சம் ஏழு, ஏழேகாலுக்குள் முடிந்துவிடும். நடிகர்கள் ஐந்து மணிக்கே உடை மாற்றி ஒத்திகை முடித்திருக்க வேண்டும். ஒக்டோபர் பிற்பகுதியிலிருந்து ஜனவரி வரை மழையை நம்பியே திட்டமிட முடியும் என்பதால் அந்த மாதங்களை எழுத்துக்கும் படத்தொகுப்புக்கும் ஒதுக்குங்கள்.

மழையில்லாத மாதங்களுக்கும் ஒரு பிரச்சினை உண்டு, அது தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று. சில ஆண்டுகளுக்கு முன்னர் ஜூலை மாதத்தில் உப்புவெளிக் கடற்கரையில் இரண்டு நாள் படம் பிடித்தோம். ஒலியைக் காதுக்கருவியில் கேட்காமல், படம் அழகாக இருக்கிறதென்ற மகிழ்ச்சியில் வீடு திரும்பினோம். இரவில் போட்டுப் பார்த்தபோது சேலை படபடப்பதைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. அதற்குள் நடித்த பெண் வேலைக்காக மட்டக்களப்புக்குப் போய்விட்டார். பின்னர் ஓர் அறையில் டப்பிங் செய்தோம், ஆனால் காற்றில் நின்று கதைக்கும் ஒருவரின் மூச்சு மூடிய அறையில் வரவில்லை. ஆகவே மைக்குக்கு வெறும் ஸ்பொஞ்ச் உறை போதாது, உரோம உறை வேண்டும். கொலர் மைக்கை உடைக்கு உள்ளே ஒட்டுங்கள். முக்கியமான வசனக் காட்சிகளைக் கச்சான் எழும்புவதற்கு முன் விடியற்காலையில் எடுத்துவிடுங்கள். ஒவ்வோர் இடத்திலும் யாரும் கதைக்காமல் ஒரு நிமிடம் அந்த இடத்தின் வெறும் ஒலியைப் பதிந்து வையுங்கள். தொகுக்கும்போது வசனங்களுக்கு இடையிலுள்ள வெட்டுகளை மறைப்பது அதுதான்.

வீட்டுக்குள் எடுக்கும் காட்சிகளுக்கு ஒரு சிறு குறிப்பு. நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால், செக்கனுக்கு 24 அல்லது 25 பிரேமில் எடுத்தாலும் ஷட்டரை ஐம்பதில் ஒரு செக்கனில் வையுங்கள். இல்லையேல் பழைய ரியூப் லைட்டின் கீழ் படத்தில் கோடுகள் ஓடும்.

அனுமதியை அலட்சியம் செய்ய வேண்டாம். பிரட்றிக் கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது, துறைமுகத்தில் கடற்படைத் தளம் இருக்கிறது. அவற்றின் அருகே ட்ரோன் பறக்கவிடுவதை மறந்துவிடுங்கள். புறாத்தீவு கடல்சார் தேசியப் பூங்கா, அங்கே வனசீவராசிகள் திணைக்களத்தை முதலில் அணுக வேண்டும். கோணேசர் கோயிலில் நிர்வாகத்திடம் கேட்டுவிட்டு, பூசை நேரம் தவிர்த்து எடுப்பதே மரியாதை.

கோட்டை வீதியில் திரியும் புள்ளிமான்கள் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. தூர ஷொட்டில் நாயகிக்குப் பின்னால் நின்ற மான், கிட்டிய ஷொட் எடுப்பதற்குள் எதிர்ப்பக்கக் கடை வாசலில் பை ஒன்றை மென்றுகொண்டிருக்கும். மான் வேண்டுமென்றால் அந்தக் காட்சியை வெட்டில்லாமல் ஒரே ஷொட்டில் எடுங்கள். வேண்டாமென்றால் மதிலைப் பின்னணியாக்கி நெருக்கமாக எடுங்கள்.

தொகுப்பு முடிந்ததும் பாடலையும் இசையையும் நிறுத்திவிட்டு, முன்பு பாதையில் போய்வந்த பெரியவர்கள் நாலைந்து பேருக்கு வீட்டுத் தொலைக்காட்சியிலேயே போட்டுக் காட்டுங்கள். படத்தைப் பற்றி ஒன்றும் கேட்காதீர்கள். நடுவில் ஒருவராவது திரும்பி ‘அந்த நாளையில பிந்தி வந்தால் கரையிலதான் நிக்கோணும்’ என்று தம் கதையைத் தொடங்கினால், அந்த இடத்தில் கத்தரிக்கோலை வைக்காதீர்கள்.