பேச்சை வைத்து மனசை எடைபோடும்போது செய்யும் தவறுகள்

"மரியாதை உங்க ஊர்க்காரங்க ரத்தத்திலேயே ஊறினது" என்று வெளியூர் நண்பர்கள் சொல்வார்கள். கொங்குத் தமிழின் 'ங்க'வைக் கேட்டுவிட்டுச் சொல்வது. கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் பேச்சுப் பழக்கம் ஒன்றைப் பிறவிக் குணமாக்குவதுதான் நாம் அடிக்கடி செய்யும் தவறு.

சின்ன வயதில் இரண்டு பங்காளிகளின் வரப்புத் தகராறைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். இளையவர் தோளில் மண்வெட்டி, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "ஏனுங்ண்ணா, வரப்பை இப்படி வெட்டித் தள்ளியிருக்கறீங்களே, இது நாயமுங்களா?" என்றார். "அளந்து பாரப்பா" என்றார் மூத்தவர். "அளந்துட்டுத்தானுங்க வந்தேன்." ஒரு 'ங்க'கூடக் குறையவில்லை, கோபமும் குறையவில்லை.

சரி, அப்படியானால் அந்த 'ங்க' வெறும் வேஷமா? அப்படி நினைப்பதும் தவறு, என் பார்வையில் இன்னும் பெரிய தவறு. அவருக்குக் கோபமும் நிஜம், எதிரே நிற்பவர் அண்ணன் என்பதும் நிஜம். கடைசிவரை மண்வெட்டி தோளை விட்டு இறங்கவில்லை. அதில் அந்த 'ங்க'வுக்கும் பங்கு உண்டு என்றே நம்புகிறேன்.

மொழி மாறினால் உலகமே வேறாகிவிடும் என்பது இன்னொரு மிகை. ரஷ்ய மொழியில் வெளிர்நீலத்துக்கும் அடர்நீலத்துக்கும் தனித்தனிப் பெயர்கள். 2007இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு நீலங்கள் அந்த எல்லைக்கு இருபுறமும் விழுந்தபோது ரஷ்யர்கள் கொஞ்சம் வேகமாகப் பிரித்தறிந்தார்கள். வித்தியாசம் நொடியில் ஒரு சிறு பங்குதான். ஆங்கிலம் பேசுபவர்களும் அதே நீலங்களைப் பிரித்தறியத்தான் செய்தார்கள்.

அப்புறம், "மனசு கேட்கல" என்கிறோமே, அதைக் கேட்டு உள்ளே இன்னொரு ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துவிடக் கூடாது. ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் கில்பர்ட் ரைல் 1949இல் இதற்கு ஓர் உதாரணம் சொன்னார்: கல்லூரிகள், நூலகங்கள் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்த ஒருவர், "சரி, பல்கலைக்கழகம் எங்கே?" என்று கேட்கிறார். மாட்டுச் சந்தைக்குப் பேர்போன புளியம்பட்டியில் மாடுகளையும், தரகர்களையும், துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவதையும் பார்த்துவிட்டு, "சந்தை எங்கே?" என்று கேட்பது மாதிரி. மனசையும் அப்படித் தனியாகத் தேடக் கூடாது.

எனக்கு அதிகம் வலிப்பது கடைசித் தவறு: வாயில் வார்த்தை வராவிட்டால் மனசில் உணர்வும் இல்லை என்று முடிவு கட்டுவது. அம்மாவைப் பெற்ற எங்கள் அம்மாயி 'நன்றி' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. பக்கத்து வீட்டிலிருந்து அவரைக்காயோ குழம்போ ஒரு போசியில் (பாத்திரத்தில்) வரும். வாங்கி வைத்துக்கொள்வார், அவ்வளவுதான். மறுநாள் போசியைத் திருப்பிக் கொடுக்க நான் எடுத்தால், "வெறும் போசிய எப்படிக் கண்ணு குடுக்கறது?" என்று பிடுங்கிக்கொள்வார். வீட்டில் ஒன்றுமே இல்லாத நாளில் வீட்டுக்குப் பின்னால் பொடக்காணிக்குப் போய் ஒரு கொத்துக் கறிவேப்பிலையாவது ஒடித்துப் போட்டுத்தான் என்னை அனுப்புவார்.