பழைய குடும்பப் படங்களைப் படிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொள்ளுத்தாத்தா காலத்து ஸ்டூடியோ படத்தின் பின்னணியில் தெரியும் தூண்களையும் மாடிப்படியையும் பார்த்துவிட்டு, அதுவே பூர்வீக வீடு என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுவது அடிக்கடி நேரும் தவறு. அவை பெரும்பாலும் துணியில் தீட்டிய திரைகள்; வட்ட மேசையும், தடித்த புத்தகமும், சில வேளைகளில் தாத்தா அணிந்திருக்கும் கோட்டும்கூட ஸ்டூடியோக்காரருடையவையாக இருக்கலாம். வேறொரு குடும்பத்தின் படத்திலும் அதே திரை தென்பட்டால் ஐயம் தீர்ந்துவிடும். அதற்காகப் படத்தைப் பொய்யென்று ஒதுக்கிவிடவும் கூடாது; வீடு எப்படி இருந்தது என்பதை மறைத்தாலும், ஊரார் கண்ணில் எப்படித் தெரிய வேண்டுமென்று அக்குடும்பம் விரும்பியது என்பதை அது தெளிவாகவே காட்டுகிறது.

இதைவிட ஆபத்தானது நிறத்தை நம்புவது. அக்காலத்தில் படம் பிடிக்கப் பயன்பட்ட கண்ணாடித் தகடுகள் நீல ஒளியை மிகுதியாக உணர்ந்தன, சிவப்பை ஏறக்குறைய உணரவே இல்லை. ஆகவே நீலப் புடவை வெளிறியும், அரக்குப் பட்டும் குங்குமமும் கறுத்தும் பதிந்தன. மாநிறமான முகமும் உள்ளதைவிடக் கறுப்பாகவே விழுந்தது. எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் 1906இல் விற்பனைக்கு வந்த பின்னரும் பழைய வகை உடனே மறைந்துவிடவில்லை. வெளிறிய புடவையை மட்டும் வைத்து ஒரு பாட்டியைக் கைம்பெண் என்று குறித்துவிடுவது எத்தனை பெரிய பிழை என்பதை இதிலிருந்து உணரலாம்.

யாரும் சிரிக்காததற்கு நெடுநேரம் அசையாமல் இருக்க வேண்டியிருந்ததே காரணம் என்பார்கள். 1880களில், நொடிப்பொழுதில் படம் பதியும் உலர்தகடுகள் பரவிய பிறகு எடுத்த படங்களுக்கு அந்த விளக்கம் அவ்வளவாகப் பொருந்தாது. இறுகிய முகமே கௌரவம் என்று கருதப்பட்டது.

படம் ஒட்டிய, ஸ்டூடியோவின் பெயர் அச்சிட்ட அட்டையின் ஓரத்தை வெட்டிச் சட்டமிடுவோர், காலத்தைக் கணிக்கும் தடயத்தையே இழக்கிறார்கள். சென்னையில் இயங்கிய வீலே அண்டு கிளைன் என்ற ஸ்டூடியோ பின்னாளில் கிளைன் அண்டு பெயர்ல் ஆயிற்று. எந்தப் பெயர் அச்சாகியிருக்கிறது என்பதைக் கொண்டே ஆண்டை ஓரளவு நெருங்கலாம். ஆனால் பழைய படத்தைப் பிற்காலத்தில் பிரதியெடுத்துப் பெரிதாக்கும் வழக்கமும் இருந்ததால், அட்டையின் காலம் படத்தின் காலமாகவே இருக்க வேண்டியதில்லை. ஓரத்தில் பாதி முகம் மட்டும் தெரியும் வேலைக்காரப் பெண்ணையும் வெட்டிவிடாதீர்கள். அவரைப் பற்றி வேறெந்தப் பதிவும் இருக்க வாய்ப்பில்லை.

கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தை உரிக்காமல், ஈரத்துணியால் துடைக்காமல், சட்டத்தோடு அப்படியே பிரதியெடுப்பது நல்லது. பெயர்களைப் பின்புறம் மென்மையான பென்சிலால் எழுதலாம். பேனா மை முன்பக்கம்வரை ஊறிவிடக்கூடும்.